அட்டை கையில், உதவித்தொகை எங்கே? மாற்றுத்திறனாளி தகுதி விதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பரின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மாற்றுத்திறனாளிகளுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுப்பது என் பல வருடப் பழக்கம். எனக்கே இடது காலில் போலியோ. 1990-களின் கடைசியில் வாங்கிய அடையாளப் புத்தகம், மூலை மடங்கி, இன்னும் பீரோவில் கிடக்கிறது. 2017-ல் சட்டம் மாறியது, 2024-ல் விதிகள் மாறின. கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் மட்டும் பெரிதாக மாறவில்லை. அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சட்டத்தில் அப்படி என்னதான் மாறியது?

1995-ல் வந்த பழைய சட்டத்தில் ஏழு வகைதான். பார்வையின்மை, குறைந்த பார்வை, தொழுநோயிலிருந்து குணமானவர், காது, கை கால், அறிவுசார் குறைபாடு, மனநோய். இந்த ஏழில் அடங்காதவர் எவ்வளவு சிரமப்பட்டாலும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு, உயரக்குறைவு, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு, தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் ரத்தசோகை எல்லாம் அப்போதுதான் தனித்தனியாகப் பெயர் பெற்றன. கண் தெரியாமலும் காது கேளாமலும் இருப்பவர்கள் உட்பட, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கும் தனி இடம் கிடைத்தது.

எங்கள் பையனின் நோய் பட்டியலில் இருக்கிறது. பணம் எப்போது வரும்?

கடையில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். என் பதிலைக் கேட்டுக் கோபப்படாமல் போனவர்கள் குறைவு.

பட்டியலில் பெயர் இருந்தால் மருத்துவச் சான்று கேட்கலாம், அவ்வளவுதான். சான்றில் எத்தனை சதவீதம் போடுகிறார்கள் என்பது அடுத்த கட்டம். நீங்கள் கேட்கும் திட்டம் எந்த வகைக்கு, எத்தனை சதவீதத்துக்கு, எந்த வயதுக்கு, எந்த வருமானத்துக்கு என்பது அதற்கும் அடுத்த கட்டம். டெல்லியில் போட்ட சட்டம் முதல் கதவைத்தான் அகலமாகத் திறந்தது. மூன்றாவது கதவு ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. அட்டை வந்தால் உதவித்தொகை தானாக வந்துவிடும் என்று நினைத்துப் பேங்க் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்துக்கொண்டே ஒரு வருடத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. உதவித்தொகைக்குத் தனி விண்ணப்பம் கொடுத்தாக வேண்டும்.

40 சதவீதம், 40 சதவீதம் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

சட்டம் கிழித்திருக்கும் கோடு அது. 40-ம் அதற்கு மேலும் என்று சான்றளிக்கப்பட்டவர்களுக்குத்தான் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு (முன்பு 3), அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம், 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி எல்லாம். 39 வாங்கியவரும் சட்டப்படி மாற்றுத்திறனாளிதான். பாகுபாடு காட்டக் கூடாது என்ற பாதுகாப்பு அவருக்கும் உண்டு. ஆனால் ஒதுக்கீடு இல்லை.

எனக்கு ஒரு கண் அறவே தெரியாது. 30 சதவீதம்தான் போட்டார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. அளவீட்டு அட்டவணையே அப்படித்தான். ஒரு கண் முழுதும் போய், இன்னொரு கண் நன்றாக இருந்தால் 30. கண்ணாடி போட்ட பிறகு நல்ல கண்ணில் எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்துத்தான் சட்டம் கணக்குப் பார்க்கிறது. நல்ல கண்ணிலேயே 3/60-க்கும் (மற்றவர் 60 மீட்டரில் பார்ப்பதை 3 மீட்டருக்கு வந்தால்தான் பார்க்க முடிவது) கீழே என்றால் பார்வையின்மை, 6/18-க்கும் 3/60-க்கும் இடையில் என்றால் குறைந்த பார்வை. பழைய சட்டத்தில் பார்வையின்மைக்கான கோடு 6/60-ல் இருந்தது. அதனால் அன்று 'பார்வையற்றவர்' என்று எழுதப்பட்ட சிலர் இன்று 'குறைந்த பார்வை' வகைக்குள் வருவார்கள்.

காதிலும் இதே கதைதான். 60 டெசிபல் இழப்பிலிருந்து கணக்கு தொடங்குகிறது, அதுவும் இரண்டு காதிலும். 70-ஐத் தொட்டால் காது கேளாதவர், 60 முதல் 70 வரை கேட்கும் திறன் குறைந்தவர். ஒரு காது முழுக்கச் செவிடாகி மறு காது சரியாக இருந்தால்? நல்ல காதின் இழப்பை ஐந்தால் பெருக்கி, கெட்ட காதின் இழப்பைக் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். பூஜ்யமும் நூறும் சேர்ந்து, ஆறால் வகுத்தால் 17-கூட முழுசாக வராது. ரோட்டைக் கடக்கும்போது ஹார்ன் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியாமல் நிற்பவருக்கு இந்தக் கணக்கு நியாயமாகப் படாது. எனக்கும் படவில்லை. ஆனால் மருத்துவர் கையில் இருப்பது அந்த அட்டவணைதான், அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

இரண்டு குறை இருந்தால் இரண்டு சதவீதத்தையும் கூட்டிக்கொள்ளலாமா?

கூட்டலாம், பள்ளிக்கூடக் கூட்டல் இல்லை. பெரிய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். அதை 90-லிருந்து கழித்து, வருவதைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும்.

போன வருடம் ஒரு கொத்தனார் வந்தார். ஒரு கண் போய் 30 சதவீதம் என்று சான்று இருந்தது. "இதுக்கு ஒண்ணும் கிடைக்காதாம்ண்ணே" என்று சான்றை மடித்துக்கொண்டு எழுந்தபோதுதான் கவனித்தேன், காலைச் சாய்த்து நடந்தார். சாரத்திலிருந்து விழுந்து கணுக்கால் மடங்காமல் போனது பழைய கதை. அதை யாரிடமும் காட்டவே இல்லை. எலும்பு மருத்துவர் அதற்கு 25 போட்டார். 90-ல் 30 போனால் 60. அதை 25-ஆல் பெருக்கினால் 1,500. 90-ஆல் வகுத்தால் 16.67. முப்பதோடு சேர்த்தால் 46.67. நாற்பதுக் கோட்டைத் தாண்டிவிட்டார்.

ஆக, உடம்பில் இருக்கும் எல்லாக் குறையையும் சொல்லுங்கள். "இது சின்னதுதானே" என்று நீங்களே கழித்துவிடாதீர்கள்.

மூளை வளர்ச்சி, ஆட்டிசம் இதையெல்லாம் எப்படி அளப்பார்கள்? ஸ்கேன் எடுக்கணுமா?

ஆட்டிசத்துக்கு ஸ்கேன் இல்லை. ஐஎஸ்ஏஏ என்ற இந்திய மதிப்பீட்டுக் கேள்வித்தொகுப்பு இருக்கிறது. குழந்தை கண்ணைப் பார்க்கிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறதா என்று பார்த்துப் பார்த்து மதிப்பெண் போட்டு, அந்த மதிப்பெண்ணைச் சதவீதமாக மாற்றுகிறார்கள். பெற்றோர் சொல்வதும் அதில் சேரும். நம் அம்மாக்கள் டாக்டர் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் "எல்லாம் பண்ணுவான் சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். பாசம்தான், ஆனால் அந்த நேரத்தில் இடிக்கிறது. பல் தேய்க்க எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது, சட்டை பட்டனை யார் போட்டுவிடுகிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

கற்றல் குறைபாட்டுக்கு 2018 ஜனவரியில் வந்த வழிகாட்டி நெறிமுறை எட்டு வயதில் சோதனையைத் தொடங்கச் சொன்னது. 14-லும் 18-லும் மறுபடி. மொத்த அளவீட்டு நெறிமுறையும் 2024 மார்ச்சில் திருத்தப்பட்டிருக்கிறது. அதனால் பழைய பிரிண்ட்-அவுட்டை வைத்துக்கொண்டு வாதாடப் போக வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2,000 ரூபாய் என்கிறார்கள், சிலர் 1,500 என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. இரண்டும் வெவ்வேறு துறை.

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது பராமரிப்பு உதவித்தொகை. அறிவுசார் குறைபாடு, 75 சதவீதத்துக்கு மேல் கடும் பாதிப்பு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, பார்க்கின்சன், தண்டுவடக் காயம் போன்ற வகைகளுக்கு. 1,500-லிருந்து 2,000 ஆக உயர்த்தப்பட்டது இதுதான். இதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் போக வேண்டும்.

வருவாய்த்துறை தருவது ஓய்வூதியம். 18 வயது நிறைந்து, 40 சதவீதம் இருந்து, பிழைக்க வேறு வழியில்லாதவர்களுக்கு. 2023 ஜனவரி முதல் 1,000-லிருந்து 1,500 ஆனது இது. இதற்குத் தாலுகா அலுவலகம். ஒன்றை வாங்குபவர் மற்றதை வாங்க முடியாது.

ஒரு சின்ன விஷயம். மாற்றுத்திறனாளிக்குத் தரும் சமூகப் பாதுகாப்புத் தொகை, அதே மாதிரித் திட்டத்தில் மற்றவர்களுக்குத் தருவதைவிட 25 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்று 2016 சட்டத்தின் 24-வது பிரிவு சொல்கிறது. 2023 ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆனது. அதற்கு 25 சதவீதம் கூட்டிப் பாருங்கள், சரியாக 1,500.

மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்தில் மத்தியப் பங்கு 300 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே, 18 முதல் 79 வயது, 80 சதவீதம் பாதிப்பு. சட்டம் 40-ல் கோடு போட, அதே மத்திய அரசின் ஓய்வூதியம் 80-ல் நிற்கிறது. அந்த 300-ம் 2012-ல் 200-லிருந்து உயர்த்தியது. அதன்பின் டீயின் விலை எத்தனை முறை ஏறியது என்று கேட்காதீர்கள்.

யூடிஐடி அட்டை கட்டாயமா? வெள்ளை, மஞ்சள், நீலம் என்றால் என்ன?

யூடிஐடி என்பது மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள எண்ணும் அட்டையும். கிட்டத்தட்ட கட்டாயம்தான். 2021 ஜூன் முதல் சான்றிதழை இணையம் வழியாக மட்டுமே தர வேண்டும். 2023 ஏப்ரல் முதல் மத்தியத் துறையின் திட்டங்களுக்கு யூடிஐடி எண் அல்லது அதற்கு விண்ணப்பித்த பதிவு எண் வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்பதைக் கவனியுங்கள். அட்டை வரவில்லை என்று உட்கார்ந்திருக்க வேண்டாம், பதிவு எண்ணை எழுதிக் கொடுங்கள்.

நிறம் 2024 அக்டோபர் திருத்த விதிகளில் உறுதியானது. 40-க்குக் கீழே வெள்ளை. 40-லிருந்து 80-க்குள் மஞ்சள். 80-ம் அதற்கு மேலும் நீலம். "எனக்கு நீலம் வேண்டும்" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ரேஷன் கார்டு மாதிரி மாற்றிக்கொள்ள முடியாது.

அந்த 2024 விதியில் வேறென்ன மாறியது?

சான்று தருவதற்கான காலம் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. இந்தத் திருத்தத்தில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது இதுதான். ஒரு மாதம் என்று விதி இருந்தபோதே எத்தனை பேருக்கு ஒரு மாதத்தில் கிடைத்தது?

அதைவிட முக்கியமானது இன்னொன்று. இரண்டு வருடத்துக்கு மேல் மருத்துவ அதிகாரி முடிவு சொல்லாமல் கிடந்தால் உங்கள் விண்ணப்பம் செயலிழந்துவிடும். மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். முடிவு சொல்லாதது அவர்கள், அலைவது நாம். அதனால் பதிவு எண்ணை வைத்து மாதம் ஒருமுறை நிலையைப் பாருங்கள். ஆறு மாதம் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து, மனு ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

ஆதாரும் ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படமும் வேண்டும். ஆதாரில் 'செல்வி. ஆ', சான்றில் 'ஆ. செல்வி', பாஸ்புக்கில் 'செல்வி ஆறுமுகம்' என்று மூன்று விதமாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். என் அனுபவத்தில், தகுதி இல்லாமல் நின்ற விண்ணப்பங்களைவிட இனிஷியலால் நின்றவை அதிகம்.

என்னிடம் இருப்பது பழைய புத்தகம். செல்லாதா?

1995 சட்டப்படி தந்த சான்று, அதில் எழுதிய காலம் வரை செல்லும் என்று விதியே சொல்கிறது. 'நிரந்தரம்' என்று இருந்தால் பயமே வேண்டாம். ஆனால் அதை இணையத்தில் ஏற்றி யூடிஐடி வாங்கிக்கொள்வது நல்லது.

மறுமதிப்பீட்டில் சதவீதத்தைக் குறைத்துவிட்டார்கள். என்ன செய்வது?

எனக்கே நடந்தது. யூடிஐடிக்காக ஒரு முகாமுக்குப் போனேன். வரிசையில் மூன்று மணி நேரம், மேசைக்கு முன்னால் இரண்டு நிமிடம். பேன்ட்டை மடிக்கச் சொன்னார், டேப் வைத்து இரண்டு காலையும் அளந்தார், நடக்கக்கூடச் சொல்லவில்லை. பழைய சான்றில் இருந்ததைவிட பத்து குறைந்து வந்தது. காலின் நீளம் மட்டும்தான் அவர் பார்த்தார். முட்டி தானாகப் பூட்டாமல் கையை ஊன்றி நடப்பதை அவர் பார்க்கவே இல்லை.

சட்டத்தின் 59-வது பிரிவு மேல்முறையீட்டுக்கு இடம் தருகிறது. முடிவு வந்த 90 நாளுக்குள் மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும். உங்களை நேரில் கேட்காமல் அவர் தள்ளுபடி செய்ய முடியாது. எழுதும்போது "குறைத்துவிட்டார்கள், கருணை காட்டுங்கள்" என்று எழுதாதீர்கள். எதை அளக்கவில்லை என்று எழுதுங்கள். நான் 'தசை வலிமையும் நடையும் சோதிக்கப்படவில்லை' என்று ஒரே வரி எழுதினேன். மறுபடி கூப்பிட்டு அளந்தார்கள், பழைய சதவீதம் திரும்ப வந்தது.

ஹீமோபிலியாவுக்கு வேலை ஒதுக்கீடு உண்டா?

இல்லை, இது பலரைத் தூக்கிவாரிப் போடுகிறது. வேலை ஒதுக்கீட்டைச் சொல்லும் 34-வது பிரிவில் பார்வை, காது, கை கால் (மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு, உயரக்குறைவு, அமில வீச்சு, தொழுநோய் இதில் சேரும்), ஆட்டிசம் உள்ளிட்ட அறிவுசார் மற்றும் மனநலக் குறைபாடுகள், பல்வகைக் குறைபாடு இவைதான் இருக்கின்றன. தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல், பார்க்கின்சன் அதில் இல்லை. ஒரே சட்டம், ஒரு பக்கத்தில் சேர்த்து இன்னொரு பக்கத்தில் விட்டுவிட்டது. உயர்கல்வியின் 5 சதவீதம் இப்படி வகை பிரிக்கவில்லை, அதனால் கல்லூரி விண்ணப்பத்தில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

சதவீதம் அதிகமாக இருந்தால் டாக்டருக்குப் படிக்க முடியாதாமே?

வேடிக்கையான சிக்கல் இது. பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டில் 40-க்குக் கீழே இருந்தால் ஒதுக்கீடு இல்லை, 40-ஐத் தொட்டால் எம்பிபிஎஸ் படிக்கத் தகுதி இல்லை என்று விதி இருந்தது. அப்படியென்றால் அந்த ஒதுக்கீடு யாருக்கு? சுமார் 45 சதவீதப் பாதிப்புள்ள மாணவர் ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். எண்ணை மட்டும் வைத்துக் கதவடைக்கக் கூடாது, அந்த மாணவரால் படிப்பைத் தொடர முடியுமா என்று மருத்துவக் குழு பார்த்துச் சொல்ல வேண்டும் என்று 2024 அக்டோபரில் நீதிமன்றம் விளக்கமாகத் தீர்ப்பளித்தது.

40-க்குக் கீழே இருப்பவர்களுக்கும் ஒரு தீர்ப்பு உண்டு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர், யுபிஎஸ்சி தேர்வில் சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று கேட்ட வழக்கில், அதற்கு 40 சதவீதம் தேவையில்லை என்று 2021 பிப்ரவரியில் சொன்னது உச்ச நீதிமன்றம். அதையொட்டி 2022 ஆகஸ்டில் மத்தியத் துறை வழிகாட்டியும் வந்தது.

ரயிலில் 21 வகைக்கும் சலுகை உண்டா?

கிடையாது. துணையில்லாமல் பயணிக்க முடியாத கை கால் பாதிப்பு, அதேபோல் துணை தேவைப்படும் அறிவுசார் குறைபாடு, முழுப் பார்வையின்மை, கேட்கவும் பேசவும் இரண்டுமே முடியாதவர்கள். ரயில்வே வைத்திருக்கும் கணக்கு அது. ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் முதல் மூன்று வகைக்கு 75 சதவீதம் தள்ளுபடி. கேட்கவும் பேசவும் முடியாதவர்களுக்கு ஸ்லீப்பரில் 50. தனியாக நடமாடும் எனக்கு, அட்டை இருந்தும், முழுக் கட்டணம்.

அப்பா மத்திய அரசு ஓய்வூதியர். தம்பிக்குப் பாதிப்பு உண்டு, கொஞ்சம் சம்பாதிக்கிறான். குடும்ப ஓய்வூதியம் கிடைக்குமா?

முன்பு மாத வருமானம் 9,000-மும் அகவிலைப்படியும் தாண்டினால் கிடைக்காது. 2021 பிப்ரவரியில் அது மாறியது. பெற்றோர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குள் வருமானம் இருந்தால் வாழ்நாள் முழுக்கக் கிடைக்கும். கடைசிச் சம்பளம் 50,000 என்றால் 15,000-மும் படியும் வரை. பெற்றோர் இருவரில் கடைசியாக இருப்பவர் இறப்பதற்கு முன்பே பாதிப்பு இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் அப்பா இருக்கும்போதே தம்பியின் பெயரை ஓய்வூதிய ஆணையில் ஏற்றச் சொல்லுங்கள். சொல்ல வாய் வராதுதான், இருந்தாலும் சொல்லுங்கள்.

தெரிந்த புரோக்கர் 60 போட்டுத் தருகிறேன் என்கிறார்...

வேண்டாம். மோசடியாகச் சலுகை பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 91-வது பிரிவு சொல்கிறது. 2024-ல் பயிற்சி ஐஏஎஸ் அதிகாரி ஒருவரின் சான்றைச் சுற்றி எழுந்த சர்ச்சைக்குப் பிறகு சந்தேகம் எல்லார் மேலும் விழுந்திருக்கிறது. அந்தச் சந்தேகத்தின் விலையை இன்று கொடுப்பது முகாம் வரிசையில் நிற்கும் அசல் ஆட்கள்தான்.

முகாமுக்கு என்ன எடுத்துப் போகணும்?

ஆதார் அசல், ரேஷன் கார்டு, நான்கு போட்டோ, இதுவரை பார்த்த வைத்தியத்தின் எல்லாச் சீட்டும் தேதி வாரியாக. பத்து வருடத்துக்கு முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் தூக்கிப் போடாதீர்கள். காலிபர் (காலில் மாட்டும் தாங்கி), காது மெஷின், தடி எது பயன்படுத்தினாலும் அதோடு போங்கள். "அழகா இருக்கட்டும்" என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். குழந்தையென்றால் அதைத் தினமும் கவனித்துக்கொள்பவர் யாரோ அவர்தான் கூடப் போக வேண்டும், லீவு கிடைத்த மாமா இல்லை. தண்ணீரும் தயிர்சாதமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணி என்று போட்டிருந்தால் பதினொன்றுக்குத்தான் தொடங்கும், டோக்கன் மட்டும் எட்டரைக்கே தீர்ந்துவிடும்.